நோட்டில் "சரி" என்று எழுதியிருந்தது: ஒரு ஆர்கேட்டின் பராமரிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி தாண்டினால் எங்கள் ஆர்கேட்டில், அதாவது காசு போட்டு விளையாடும் மெஷின் கூடத்தில், இரட்டை சீட் கார் ரேஸ் மெஷினின் இடது சீட் தானாக ரீசெட் ஆகும். ஓட்டிக்கொண்டிருப்பவர் கடைசி வளைவில் இருப்பார். திரை கறுக்கும், தொடக்கப் படம் வரும், ஆட்டம் போய்விடும். ஃப்ளோரில் நிற்பவர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, இன்னொரு கிரெடிட் போட்டுக் கொடுப்பார். அடுத்த ஆட்டம் ஒழுங்காக ஓடும். பராமரிப்பு நோட்டில் "ரேஸ் இடது, ரீசெட், சரி" என்று ஒரு வரி விழும்.

அந்த நோட்டை ஒருநாள் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினேன். அதே வரி, நான்கு பேரின் கையெழுத்தில், பதினொரு முறை இருந்தது. பதினொரு முறை சரிசெய்யப்பட்ட மெஷின் ஒருமுறைகூடச் சரியாகியிருக்கவில்லை.

கூடத்தைப் பற்றிச் சுருக்கமாக. நாற்பது மெஷின்களுக்குச் சற்று அதிகம். ரேஸ், துப்பாக்கிச் சூடு, டான்ஸ் மேடை, ஏர் ஹாக்கி, பாஸ்கெட்பால், பொம்மை எடுக்கும் கிரேன், டிக்கெட் கொடுக்கும் மெஷின்கள், பழைய பிக்சர் ட்யூப் வைத்த நான்கைந்து கேபினெட்டுகள். டெக்னீஷியன்கள் இரண்டு பேர்: நானும், என்னைவிட வயதில் சிறியவரான ஒருவரும். ஷிஃப்டுக்கு நான்கு ஃப்ளோர் ஊழியர்கள். எங்களிடம் திறமைக்குக் குறைவில்லை. சால்டரிங், போர்டு மாற்றுதல், மோட்டார் பிரித்தல் எல்லாம் தெரியும். ஆனாலும் கூட்டம் வரும் நாளில் நாலைந்து மெஷின்கள் மேல் "பழுது" அட்டை தொங்கும். ஆள் போதவில்லை, மெஷின்கள் பழசாகிவிட்டன என்றுதான் நானும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் காரணமில்லை என்று தெரிய வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரேஸ் மெஷினில் நடந்தது

ரீசெட் அடிக்கடி வந்ததும் முதலில் மெயின் போர்டைச் சந்தேகித்தோம். கழற்றிப் பழுது பார்க்கும் இடத்துக்கு அனுப்பினோம். "கோளாறு எதுவும் இல்லை" என்று திரும்பி வந்தது. மாட்டினோம், ஒரு வாரம் ஓடியது, மறுபடி ரீசெட். இரண்டாவது முறை அனுப்பினோம், அதே பதில். அவர்கள் அலட்சியம் என்று அப்போது கோபப்பட்டேன். அவர்கள் சொன்னது உண்மை. போர்டில் கோளாறே இல்லை.

மூன்றாவது முறை போர்டைக் கழற்றாமல், ரீசெட் எப்போது வருகிறது என்று மட்டும் பார்க்க முடிவு செய்தோம். இடது சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "சார், காலைல வரவே வராது. ரெண்டு மூணு மணி நேரம் விடாம ஓடினாத்தான் வரும். அதுவும் கார் மோதி ஸ்டீயரிங் குலுங்குற நேரத்துல வரும்." பல மாதம் நாங்கள் தேடிய விடை அவரிடம் இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை.

சூடேறிய பிறகு, அதிர்வின்போது. இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் சர்க்யூட் படித்தவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது கனெக்டரில், ஒயரைப் போர்டில் செருகும் இணைப்பில். அன்று மாலை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் சப்ளையின் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன்: 5.2 வோல்ட். போர்டின் முனையில் வைத்தேன்: 4.7. இடையில் இருந்தது ஒரு கனெக்டரும் இரண்டடி ஒயரும் மட்டுமே. 5 வோல்ட்டில் ஓடும் டிடிஎல் வகைச் சில்லுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 4.75 முதல் 5.25 வரை. கீழ் எல்லைக்கும் கீழே போர்டு தத்தளித்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் குலுங்கும் நொடியில் இன்னும் இறங்கி ரீசெட் ஆனது.

கணக்கு எளிது. போர்டு 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டர் பின்னில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டால் 0.5 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். விழுந்த வோல்ட் வெப்பமாக மாறும்: 0.5 பெருக்கல் 5, இரண்டரை வாட். ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டரை வாட் என்பது அதிகம். பின் சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் இறுக்கம் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. போர்டைப் பழுது பார்த்த இடத்தில் அவர்களுடைய சொந்த பவர் சப்ளை, சொந்த ஒயர். எங்கள் கனெக்டர் அங்கே போகவே இல்லை. பிறகு எப்படிக் கோளாறு தெரியும்?

இதைவிட என்னை உறுத்தியது அந்த 5.2. சப்ளை 5.0 அல்லது 5.05 கொடுக்க வேண்டும். எங்களில் யாரோ, எப்போதோ, போர்டுக்கு வோல்ட் போதவில்லை என்று பார்த்துவிட்டு சப்ளையின் சின்னத் திருகைக் கூட்டி வைத்திருக்கிறார். அன்று ரீசெட் நின்றிருக்கும். நோட்டில் "சரி" என்று எழுதியிருப்பார். அந்தத் திருகு கனெக்டரின் நோயை மேலும் சில மாதங்கள் மறைத்து வளர்த்தது. இதில் வேறொரு ஆபத்தும் உண்டு. திருகை இன்னும் கூட்டி 5.4, 5.5 என்று கொண்டுபோயிருந்தால், யாராவது கனெக்டரை அழுத்திச் செருகிய மறுகணம் அவ்வளவும் நேராகப் போர்டில் ஏறியிருக்கும்.

பழுதான பின்னை மட்டும் மாற்றினால் போதாது. கனெக்டரின் செருகும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டையும் மாற்ற வேண்டும். கருகிய முனையோடு சேர்ந்தால் புதிய பின்னும் சீக்கிரமே கருகும். ஒயரின் தடிமனுக்குப் பொருந்தும் பின்னை, அதற்குரிய க்ரிம்ப் கருவியால், ஒயர் முனையைக் கவ்வும்படி, அழுத்தினோம். சப்ளையை 5.05க்கு இறக்கினோம். போர்டு முனையில் 4.99 காட்டியது. அதன் பிறகு அந்த வரி நோட்டில் வரவில்லை.

"சரி" என்ற சொல்லை எடுத்துவிட்டது

நோட்டில் மூன்று பத்திகள் இருந்தன: தேதி, மெஷின், நிலை. நான்காக மாற்றினோம்: விளையாடியவர் என்ன பார்த்தார், நாம் திறந்து என்ன கண்டோம், என்ன செய்தோம், காரணம் தெரிந்ததா. கடைசிப் பத்தியில் ஆம் அல்லது இல்லை மட்டும். "இல்லை" என்று எழுதுவதில் வெட்கம் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தொடக்கத்தில் எல்லாரும் "ஆம்" என்றே எழுதினார்கள். நான் எழுதிய முதல் ஐந்து வரிகளையும் "இல்லை" என்று எழுதிக் காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

ஆஃப் செய்து ஆன் செய்வதைத் தடைசெய்யவில்லை. கூட்டம் நிற்கும்போது வேறு வழியில்லை. அதற்கு முன் பத்து நொடி பார்க்க வேண்டும் என்று மட்டும் வைத்தோம். திரையில் எர்ரர் எண் இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, விளக்கு எரிகிறதா, கருகிய வாசனை வருகிறதா. ரீசெட் செய்த நொடியில் இந்தச் சாட்சிகளில் பாதி அழிந்துவிடும். வாசனை வந்தால் மட்டும் வேறு விதி: பிளக்கைப் பிடுங்கு, ஆளைக் கூப்பிடு, திரும்ப ஆன் செய்யாதே.

1972இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியின் முதல் பாங் மெஷினை வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஓடவில்லை என்று புகார். அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்திருந்தது. புகார் சொன்னவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓடவில்லை என்பதுதான். புகாரிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியை எழுதி வைக்காவிட்டால், அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும்.

யாரும் புகார் செய்யாத கோளாறு

புதிய நோட்டு இரண்டு மாதம் ஓடியதும் ஒரு விசித்திரம் தெரிந்தது. டிக்கெட் மெஷின்களில் "டிக்கெட் குறைவாக வந்தது" என்ற புகார்கள் நிறைய. "அதிகமாக வந்தது" என்று ஒன்றுகூட இல்லை. எதிர்பார்க்கக்கூடியதுதான். கூடுதலாகக் கிடைத்ததை யார் வந்து சொல்வார்கள்? ஆனால் டிக்கெட் பண்டல் மட்டும் கணக்கைவிட வேகமாகத் தீர்ந்தது.

டிக்கெட் டிஸ்பென்சரின் வேலை எளிது. மோட்டார் காகிதத்தைத் தள்ளும். ஒருபுறம் அகச்சிவப்பு எல்இடி, மறுபுறம் அதைப் பார்க்கும் சென்சார். ஒவ்வொரு டிக்கெட்டின் முனையிலும் உள்ள வெட்டு கடந்து போகும்போது ஒளி தெரியும். ஒன்று என்று எண்ணும். காகிதம் உரசிக்கொண்டே ஓடுவதால் தூள் உதிரும். தூள் சென்சாரை மூடினால் சில வெட்டுகள் கண்ணில் படாமல் போகும். எண்ணப்படாத டிக்கெட்டும் வெளியேதான் வருகிறது. எண்ணிக்கை நிறையும்வரை மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். நெடுநேரம் எதுவும் எண்ணப்படவில்லை என்றால்தான் எர்ரர் காட்டி நிற்கும். அதாவது அழுக்கு கொஞ்சமாக இருக்கும்போது மெஷின் வாரிக் கொடுக்கிறது; முழுதாக அடைத்த பிறகே நிற்கிறது. நாங்கள் போய்த் துடைத்தது எல்லாம் நின்ற பிறகுதான்.

இதைப் பிடிக்க ஒரே வழி மெஷினுக்குள் இருக்கும் எண்ணிக்கை மீட்டர். மெஷின் தன் கணக்கில் எத்தனை டிக்கெட் கொடுத்தது, உண்மையில் எத்தனை பண்டல் போட்டோம். வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் எழுதினோம். வித்தியாசம் கூடும் மெஷினை முதலில் துடைத்தோம். ஒவ்வொரு முறை பண்டல் மாற்றும்போதும் சென்சார் வாயைத் தூரிகையால் தட்டிவிடுவது ஃப்ளோர் ஊழியர்களின் வேலை ஆனது. அரை நிமிடம் ஆகும். திறந்திருக்கும் மெஷினில் செய்கிற அரை நிமிட வேலை, தேதி போட்டுத் திறக்கிற அரை மணி நேர வேலையைவிடப் பயன் தந்தது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

நாங்கள் உண்டாக்கிய கோளாறுகள்

இனி எழுதுவது என் தவறு. நோட்டு நன்றாகப் போகிறது என்ற உற்சாகத்தில் ஒரு பெரிய அட்டவணை போட்டேன். மாதத்துக்கு ஒருமுறை எல்லா மெஷினையும் திறந்து, எல்லா கனெக்டரையும் கழற்றி மாட்டி, எல்லாத் திருகையும் இறுக்கி, தூசி ஊதி மூட வேண்டும். ரேஸ் மெஷினில் கனெக்டர்தானே காரணம், எல்லாவற்றிலும் பார்த்துவிடுவோம் என்ற எண்ணம்.

முதல் மாதம் முடிந்ததும் என் இளைய சகா நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். "அண்ணா, நாம திறந்த மெஷின்தான் அடுத்த ரெண்டு நாள்ல படுத்திருக்கு, பாருங்க." உண்மைதான். ஸ்பீக்கர் ஒயர் மாட்ட மறந்தது, ரிப்பன் கேபிள் ஒரு பின் தள்ளிச் செருகியது, தூசி ஊதியதில் அது போய்த் துப்பாக்கியின் லென்ஸில் படிந்தது. பல வருடம் அசையாமல் நன்றாக இருந்த கனெக்டர்களை அசைத்ததாலேயே தளர்த்தியிருந்தோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில், 1943 வாக்கில், பிரிட்டனின் கடலோர விமானப் படையில் பணியாற்றிய உயிரியலாளர் சி. எச். வாடிங்டன் லிபரேட்டர் விமானங்களின் பழுதுகளைக் கணக்கிட்டார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த பரிசோதனை முடிந்த கையோடு எதிர்பாராத பழுதுகள் ஏறின. பிறகு மெல்ல இறங்கின. பரிசோதனையே பழுதைக் கொண்டுவந்தது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நவ்லனும் ஹோவர்டு ஹீப்பும் வெளியிட்ட அறிக்கையில், ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயது ஏறுவதோடு பழுது கூடும் போக்கைக் காட்டின. 68 சதவீதம் புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில் அதிகம் பழுதாகி, பிறகு நிதானமாக ஓடின. ஆர்கேட் மெஷின் விமானமில்லை. எங்களிடம் உரசித் தேயும் பாகங்கள் அதிகம்: பட்டன் சுவிட்ச், பெல்ட், பெடல் ஸ்பிரிங், கிரேனின் நூல். அந்த எண்களை அப்படியே நம் கூடத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஒரு கேள்வியை அது கையில் கொடுத்தது: இந்தப் பாகம் தேய்வதா, இல்லையா?

தேய்வது என்றால் அளந்து பார்க்கலாம். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று மெஷினுக்குச் சொல்லும் பொடென்ஷியோமீட்டர் நல்ல உதாரணம். டெஸ்ட் மோடில் போனால், 0 முதல் 255 வரை காட்டும் மெஷினில், நேராக வைத்த ஸ்டீயரிங் 128 பக்கம் நிற்க வேண்டும். தேய ஆரம்பித்தால் எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். கார் இடதுபக்கம் இழுக்கிறது என்று புகார் வந்தால் காலிப்ரேஷன், அதாவது நேர் நிலையை மெஷினுக்கு மறுபடி பதிய வைப்பது, செய்து விடுவது வழக்கம். எண் வெறுமனே தள்ளிப் போயிருந்தால் அது போதும். துள்ளினால் பாகத்தை மாற்ற வேண்டும். துள்ளும் எண்ணைக் காலிப்ரேஷனால் மூடுவதும் சப்ளையின் திருகைக் கூட்டுவதும் ஒரே காரியம்.

சூடு தனி. பவர் சப்ளையிலும் மானிட்டரிலும் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் எல்லாரும் கைக்கொள்ளும் விதி. ஆகவே ஃபேனும் ஃபில்டரும் மட்டும் அட்டவணையில் நின்றன. ஃபில்டரை வெளியிலிருந்தே எடுக்கலாம். கேபினெட்டைத் திறக்க வேண்டியதில்லை. மற்றதெல்லாம் அட்டவணையிலிருந்து போயின. கனெக்டரில் சந்தேகம் வந்தால் கழற்றாமல், இரு முனையிலும் மீட்டர் வைத்து வோல்ட் இழப்பைப் பார்க்கிறோம்.

நேரம் எங்கே போனது

பழுதான மெஷின் எத்தனை மணி நேரம் அட்டை மாட்டி நின்றது என்று எழுத ஆரம்பித்த பிறகு இன்னொன்று புரிந்தது. கணக்குக்காக ஒரு மெஷின் 30 மணி நேரம் ஓடிப் பழுதாகி, 6 மணி நேரம் நிற்கிறது என்று கொள்வோம். 36இல் 30, அதாவது 83 சதவீத நேரம் ஓடுகிறது. பழுதுக்கு இடைப்பட்ட நேரத்தை இரட்டித்து 60 ஆக்கினால் 66இல் 60, சுமார் 91 சதவீதம். அதை விட்டுவிட்டு நிற்கும் நேரத்தை மட்டும் 3 மணியாகக் குறைத்தாலும் 33இல் 30, அதே 91 சதவீதம். முதலாவது மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது அடுத்த வாரமே முடியும், நேரம் எதில் போகிறது என்று தெரிந்தால்.

எங்களுக்குப் பழுது பார்க்கும் நேரம் சொற்பம். பாகத்துக்காகக் காத்திருந்ததே பெரும்பகுதி. ஒரு மைக்ரோசுவிட்சுக்காக ஒரு மெஷின் ஐந்து நாள் நின்றிருக்கிறது. சுவிட்ச், ஃபியூஸ், எல்லா வகைக் கனெக்டர் பின், ஒரு பொது பவர் சப்ளை, ஒரு டிக்கெட் டிஸ்பென்சர், காசை வாங்கிச் சரிபார்க்கும் ஒரு காயின் அக்செப்டர் அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. டிஸ்பென்சரையும் அக்செப்டரையும் ஃப்ளோரில் பழுது பார்ப்பதை நிறுத்தினோம். கழற்று, தயாராக இருப்பதை மாட்டு, பழுதானதைக் காலையில் மேசையில் வைத்துப் பார். ஃபியூஸ் மட்டும் ஒரு எச்சரிக்கையோடு வைத்தோம்: அதே ஆம்பியர், அதே வகை, ஒருமுறைதான். மறுபடி எரிந்தால் மெஷின் அணைந்தே இருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டுவது கனெக்டரைவிட மோசமான இடத்தில் தீயைத் தேடிப் போவது.

பிக்சர் ட்யூப் கேபினெட்டுகளுக்கு வேறு சட்டம். ட்யூபின் ஆனோடில், அதாவது உயர் மின்னழுத்த முனையில், இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே மின்னேற்றம் தங்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் தவிர யாரும் பின்கதவைத் திறக்கக் கூடாது. சாவியே தனி. எவ்வளவு கூட்டம் நின்றாலும், யார் அவசரப்படுத்தினாலும், இதில் விட்டுக்கொடுத்ததில்லை.

இன்றைய நிலை

பழுது அட்டைகள் மறையவில்லை, குறைந்தன. கூட்டம் வரும் நாளில் ஒன்று, சில நாள் இரண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஃப்ளோர் ஊழியர்கள் இப்போது என்னிடம் வந்து பேசும் விதம். "ரேஸ் ஓடல சார்" என்று வந்தவர்கள், "ரேஸ்ல பிரேக் அமுக்கினா திரை ஒரு நொடி மங்குது, நிக்கல" என்கிறார்கள். நிற்பதற்கு முன்பே மெஷின் காட்டும் அடையாளம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படுகிறது. ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் பகுதி மெஷின்களில் ஒரு ஆட்டம் முழுதாக விளையாடிப் பார்க்க வேண்டும் என்பது இப்போது வேலையின் பகுதி. மேலாளர் முதலில் முகம் சுளித்தார். ஊழியர்கள் விளையாடிக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறதே என்றார். இரண்டு வாரத்தில் அவர்கள் கொண்டுவந்த குறிப்புகளைக் காட்டினேன். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"காரணம் தெரிந்ததா" என்ற பத்தியில் இன்னும் "இல்லை" என்றிருப்பவை மூன்று. அதில் டான்ஸ் மேடை பழையது. வலது அம்புக்குறி சில நாள் மிதிக்காமலேயே அடிக்கிறது. சென்சார் மாற்றியாயிற்று, ஒயர் மாற்றியாயிற்று, மேடையின் மட்டம் பார்த்தாயிற்று. தரையைத் துடைத்த நாட்களில் அதிகம் வருகிறது என்று போன வாரம் துப்புரவு செய்யும் அம்மா சொன்னார். அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. இப்போது தரை துடைக்கும் நேரமும் நோட்டில் எழுதப்படுகிறது.